கோர்ட் தொடக் கூடாத கூலியை பேங்க் தொடலாமா?

தலையங்கம்



கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு, பணம் எப்போது ஏறும் என்று காத்துக் கிடக்கிறோம். ஏறிவிட்டது என்று செல்போனில் மெசேஜ் வருகிறது. அறுப்பு மெஷின்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டும், உரக்கடை பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று பேங்குக்கு ஓடினால், "உங்க கணக்குல ஹோல்டு போட்டிருக்கு, மேனேஜரைப் பாருங்க" என்கிறார்கள். மேனேஜரைக் கேட்டால், பழைய பயிர்க்கடன் பாக்கிக்குப் பிடித்தாச்சு என்கிறார். நெல் பணம் மட்டுமா? நூறு நாள் வேலை என்று நாம் பழகிச் சொல்லும் ஊரக வேலைத் திட்டத்துக் கூலி, முதியோர் பென்ஷன், புயல் வெள்ள நிவாரணம், பயிர் இன்சூரன்ஸ் தொகை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இது ஜப்தி. தண்டோரா போடாத, அமீனா வராத ஜப்தி. முன்பெல்லாம் ஜப்தி என்றால் அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஊரே பார்க்கும், நாலு பேர் வந்து நியாயம் கேட்பார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாமல் நம் அடுப்பு அணைந்து போகிறது.

கடனைக் கட்ட மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. விளைந்தால் கட்டுகிறோம், விலை கிடைத்தால் கட்டுகிறோம். ஆனால் அடுத்த அறுவடை வரைக்கும் உயிரோடு இருந்தால்தானே கட்ட முடியும்? அதனால்தான் சட்டமே சில பணத்தைத் தொடக் கூடாது என்று கோடு கிழித்து வைத்திருக்கிறது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாததால்தான் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தலையங்கம்.

பிடிக்கும் கை இரண்டு

நம் கணக்கில் இருந்து பணம் பிடிக்கும் கை இரண்டு விதம். ஒன்று பேங்கின் சொந்தக் கை. மற்றது கோர்ட்டின் கை. எந்தக் கை பிடித்தது என்று தெரியாமல் எந்த மனுவும் போடாதீர்கள். முதல் கேள்வியே அதுதான்: "கோர்ட் உத்தரவு வந்திருக்கா, இல்லே நீங்களா பிடிச்சீங்களா? எழுதிக் கொடுங்க."

பேங்கின் சொந்தக் கைக்கு ஆதாரம் இரண்டு. 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு, தன்னிடம் இருக்கும் வாடிக்கையாளர் உடைமையைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்க பேங்கருக்கு உரிமை தருகிறது. அதோடு, ஒரு கணக்கில் உள்ள வரவை இன்னொரு கணக்கின் பாக்கிக்கு நேர் செய்துகொள்ளலாம் என்று கடன் படிவத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள். நாம் படித்துப் பார்க்காமல் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டோமே, அந்தப் படிவம்தான்.

ஆனாலும் இந்தக் கைக்கும் எல்லை உண்டு. கடன் யார் பெயரில் இருக்கிறதோ, சேமிப்புக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். புருஷன் வாங்கிய கடனுக்குப் பெண்டாட்டி கணக்கில் கை வைக்க முடியாது. அப்பன் கடனுக்கு மகன் கணக்கில் கை வைக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்த கூட்டுக் கணக்கை ஒருவர் தனியாக வாங்கிய கடனுக்கு நேர் செய்வதும் சரியல்ல. கெடு தாண்டாத கடனுக்கு, "நாளைக்குக் கட்டமாட்டே" என்று இன்றைக்கே பிடிப்பதும் சரியல்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஜாமீன்தாரருக்கும் கடன்காரருக்கும் ஒரே பொறுப்பு என்று ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு சொல்கிறது. "சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா" என்று கேட்பவருக்குக் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

கோர்ட்டின் கை எப்படி வருகிறது?

பேங்கோ, பைனான்ஸ் கம்பெனியோ, வட்டிக்காரரோ பண வழக்குப் போடுகிறார். சம்மன் வருகிறது. நம்மில் பலர் பயந்துகொண்டு சம்மனை வாங்குவதில்லை. வாங்கினாலும் போவதில்லை. கோர்ட் எக்ஸ்பார்ட்டி என்று ஒருதலையாக டிக்ரி கொடுத்துவிடுகிறது. அந்த டிக்ரியைப் பன்னிரண்டு வருடம் வரை நிறைவேற்றலாம். டிக்ரிதாரர் நிறைவேற்று மனு போடுகிறார். ஈ.பி. என்பார்கள்.

அந்த ஈ.பி.யில் நம் பேங்க் கணக்கையோ சம்பளத்தையோ காட்டலாம். கணக்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-வது கட்டளை, 46-ஏ விதிப்படி கோர்ட் பேங்குக்கு நோட்டீஸ் அனுப்பும்: "இந்த ஆளுக்கு நீ கொடுக்க வேண்டிய பணத்தைக் கோர்ட்டில் கட்டு, இல்லாவிட்டால் வந்து காரணம் சொல்." இதைத்தான் வக்கீல்கள் கார்னிஷீ நோட்டீஸ் என்கிறார்கள். நோட்டீஸ் வந்ததும் பேங்க் கணக்கை நிறுத்தி வைத்துவிடும். சம்பளம் என்றால் வேலை கொடுக்கும் கம்பெனிக்கு உத்தரவு போகும். கம்பெனி மாதாமாதம் பிடித்துக் கட்டும்.

கூட்டுறவு சங்கக் கடன் என்றால் வழி கொஞ்சம் வேறு. 1983-ம் வருடத்துத் தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டப்படி தாவா கூட்டுறவுத் துறை அதிகாரியிடம் போகும். அங்கே கிடைக்கும் தீர்ப்பாணையை வைத்து வசூலுக்கு வருவார்கள். அங்கேயும் நோட்டீஸ் வரும், அங்கேயும் போய்ப் பேச நமக்கு உரிமை உண்டு.

எதைத் தொடக் கூடாது?

இதைக் கவனமாகப் படியுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, பிரிவு 60. மனப்பாடம் செய்ய வேண்டிய நம்பர் இது.

டிக்ரி இருந்தாலும் கீழ்க்கண்டவற்றைப் பற்றுகை செய்யக் கூடாது:

— தொழிலாளியின் கூலி. பணமாகக் கொடுத்தாலும் சரி, நெல்லாகக் கொடுத்தாலும் சரி.
— விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் மாடுகள், விதை நெல்.
— விவசாயியும் கூலித் தொழிலாளியும் சொந்தமாகக் குடியிருக்கும் வீடு, அதை ஒட்டிய மனை.
— உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை.
— அரசுப் பென்ஷன், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் இன்சூரன்ஸ் பணம்.
— மாதச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாய், மீதியில் மூன்றில் இரண்டு பங்கு. (ஜீவனாம்ச டிக்ரிக்கு மட்டும் கணக்கு வேறு.)

விவசாயி என்றால் யார்? நிலத்தைத் தானே சாகுபடி செய்து, அந்த வருமானத்தை முக்கியமாக நம்பிப் பிழைப்பவர் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. அது நாம்தான்.

சம்பளத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊரில் பிழைப்பு இல்லாமல் மகன் திருப்பூரில் ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறான், சம்பளம் 15,000 ரூபாய், அப்பாவின் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறான் என்று வையுங்கள். முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதி 14,000-ல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 9,333 ரூபாயையும் தொடக் கூடாது. பிடிக்கக் கூடியது அதிகபட்சம் மாதம் 4,667 ரூபாய். அதையும் எத்தனை நாளைக்கு? மொத்தம் 24 மாதம். அதே டிக்ரிக்காக 24 மாதம் பிடித்து முடித்தால், அந்த டிக்ரிக்கு மறுபடி சம்பளத்தைத் தொட முடியாது. வேறு டிக்ரிக்காகப் பிடிப்பதற்கும் நடுவில் 12 மாதம் இடைவெளி விட வேண்டும். கம்பெனி முழுச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டால் அது சட்டத்துக்கு விரோதம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வீட்டையோ பொருளையோ நீங்களே அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால் 60-வது பிரிவு அதைக் காப்பாற்றாது. விவசாய நிலத்துக்கு மட்டும் இன்னொரு காவல் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் ஏலம் விட வழி செய்யும் 2002-ம் வருடத்து சர்பாசி சட்டம் விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்குப் பொருந்தாது என்று அதன் 31-வது பிரிவு சொல்கிறது. ஆகவே சர்பாசி நோட்டீஸைக் காட்டி வயலை எடுப்போம் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். வயலுக்கு வர வேண்டுமானால் வேறு சட்டப்படி வழக்கு நடத்தித்தான் வர வேண்டும்.

பேங்க் சொல்லும் சால்ஜாப்பு

"கூலியைத் தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கே" என்று கேட்டால் மேனேஜர் இரண்டு பதில் வைத்திருப்பார்.

முதல் பதில்: "கூலி உங்க கைக்கு வர்ற வரைக்கும்தான் கூலி. கணக்குல ஏறிட்டா அது வெறும் பணம்." இதற்கு உச்ச நீதிமன்றம் 2008-லேயே பதில் சொல்லிவிட்டது. பஞ்சாப் நேஷனல் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், ஒருவருடைய பென்ஷனும் பணிக்கொடையும் பேங்கில் பிக்சட் டெபாசிட்டாக மாறிய பிறகும் அதன் தன்மை மாறாது, 60-வது பிரிவின் பாதுகாப்பு போகாது என்று தீர்ப்பு வந்தது. பென்ஷன் டெபாசிட் ஆன பிறகும் பென்ஷன்தான் என்றால், கூலி சேமிப்புக் கணக்கில் ஏறிய பிறகும் கூலிதானே? நம் வக்கீல்கள் இந்த வாதத்தை எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது பதில்: "60-வது பிரிவு கோர்ட் ஜப்திக்குத்தான். நாங்க கோர்ட் இல்லே. நீங்க படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க." இங்கேதான் விஷயமே இருக்கிறது. சட்டப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்தால், அந்தப் பிரிவு டிக்ரியை நிறைவேற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த ஓட்டையில்தான் பேங்க் புகுந்து வருகிறது.

ஆனால் அதே பிரிவில் 1-ஏ என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. ஏழை பசியில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியிருக்க, அச்சடித்த படிவத்தின் பொடி எழுத்தைக் காட்டிக் கூலியைப் பிடிப்பது என்ன நியாயம்?

நாம் கேட்பது இதுதான்: வழக்குப் போட்டு, சாட்சி விசாரித்து, நீதிபதி கையெழுத்துப் போட்டு டிக்ரி கொடுத்த பிறகும் கோர்ட் தொடக் கூடாத கூலியை, வழக்கும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் ஒரு மேனேஜர் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு எடுக்கலாமா? நீதிபதிக்கு இல்லாத அதிகாரம் மேனேஜருக்கு எங்கிருந்து வந்தது?

எந்த நாளில் என்ன செய்வது?

காலம் கடந்தால் நியாயம் இருந்தும் பயன் இல்லை. ஆகவே வரிசையாகச் சொல்கிறோம்.

1. பணம் பிடித்த அன்றே பாஸ்புக்கில் என்ட்ரி போடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பணம் ஏறியது, எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்புக்கில் "கூலி", "பென்ஷன்" என்று தெளிவாக வராது. வேலை அட்டை, பென்ஷன் உத்தரவு, கொள்முதல் ரசீது, இவற்றின் நகலைச் சேர்த்து வையுங்கள்.

2. பேங்குக்கு எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகை வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். (பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது.)

3. முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்த வழி கிடையாது. அதற்குக் கூட்டுறவு இணைப்பதிவாளருக்கும் கலெக்டருக்கும்தான் மனு.

4. அரசு வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி உங்கள் கடன் கணக்கின் முழு விவரத்தைக் கேட்கலாம். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நீங்கள் கட்டியதை எதில் வரவு வைத்தார்கள் என்று பாருங்கள். வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில், ஒரு சர்க்கரை ஆலை தங்கள் பெயரில் பேங்கில் கடன் வாங்கிவிட்டது என்று சொல்லி, கரும்பு விவசாயிகள் 2022 நவம்பர் 30 முதல் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். கரும்பை வெட்டிக் கொடுத்தவர்கள் கையில் கடன் நோட்டீஸ் வந்தது! இது நாளைக்கு நமக்கும் வரலாம்.

5. சம்மன் வந்தால் வாங்குங்கள். தேதிக்குப் போங்கள். இது மிக முக்கியம். டிக்ரி கொடுக்கும்போதே தவணை போட்டுக் கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. டிக்ரி ஆன பிறகு டிக்ரிதாரர் சம்மதித்தால்தான் தவணை. முதலிலேயே போய் நின்றவனுக்குக் கிடைப்பது, பின்னால் ஓடினவனுக்குக் கிடைக்காது.

6. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா? டிக்ரி ஆன நாளில் இருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போடலாம். சம்மனே சரியாகச் சார்பு செய்யப்படவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிய வந்த நாளில் இருந்து 30 நாள்.

7. கோர்ட் உத்தரவில் கணக்கு நின்றுவிட்டது என்றால் பேங்கில் சண்டை போட்டுப் பயனில்லை. உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே, இது கூலிப் பணம், இது பென்ஷன், 60-வது பிரிவுப்படி விடுவிக்க வேண்டும் என்று மனு போட வேண்டும். பணம் கோர்ட்டுக்குப் போய் டிக்ரிதாரர் கைக்குப் போவதற்கு முன் போட வேண்டும். போன பிறகு திருப்பி வாங்குவது யானை வாய்க் கரும்புதான்.

8. வக்கீலுக்குப் பணம் இல்லையா? தாலுகா கோர்ட்டிலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் 1987-ம் வருடத்துச் சட்டப்படி இலவச வக்கீல் உரிமை உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. போன் 15100.

9. லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே ஒப்புக்கொண்டது கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. கட்ட முடியாத தவணைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு வந்தால், அந்தத் தாளை வைத்தே கணக்கை ஜப்தி செய்வார்கள். கையெழுத்துக்கு முன்னால் அடுத்த அறுவடை எப்போது, எவ்வளவு மிஞ்சும் என்று மனதில் கணக்குப் போடுங்கள்.

10. அரசு உதவி, கூலி, பென்ஷன் எல்லாம் கடன் இல்லாத பேங்கில் ஏறும்படி செய்வது உங்கள் உரிமை. ஆதார் கடைசியாக எந்த பேங்க் கணக்கோடு இணைக்கப்பட்டதோ, ஆதார் வழி வரும் பணம் அங்கேதான் போகும். தபால்காரரிடமே தபால் துறைப் பேமென்ட்ஸ் பேங்க் கணக்குத் தொடங்கலாம். இது ஏமாற்று வேலை அல்ல. சோற்றுப் பணத்தைச் சோற்றுக்கு வைப்பது.

இன்னொன்று. "சும்மா ஒரு கையெழுத்து" என்று பேங்கில் இருந்து வீட்டுக்கு வந்து தாளை நீட்டினால், அது கடனைப் புதுப்பிக்கும் ஒப்புகைக் கடிதமா என்று பாருங்கள். அடமானம் இல்லாத சாதாரணக் கடனுக்கு வழக்குப் போடக் காலக்கெடு பொதுவாக மூன்று வருடம். கெடு முடிவதற்குள் அந்த ஒரு கையெழுத்து விழுந்தால் மறுபடி புதிதாக மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். படிக்காமல் போடாதீர்கள்.

பேங்குக்குக் கொடுக்க மாதிரி மனு

*பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.*

*ஐயா, தங்கள் கிளையில் என் சேமிப்புக் கணக்கு எண் ........ இதில் ........ தேதியில் வரவான ரூ. ........ என் (கூலி / முதியோர் பென்ஷன் / நிவாரணம்) பணம் ஆகும். இதற்கு ஆதாரம் இணைத்துள்ளேன். மேற்படி தொகையை ........ தேதியில் எனக்கு முன்னறிவிப்புத் தராமல் பிடித்தம் செய்துள்ளீர்கள் / நிறுத்தி வைத்துள்ளீர்கள். எந்த நீதிமன்ற உத்தரவின்படி அல்லது எந்த விதியின்படி பிடிக்கப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். உ.ந.ச. பிரிவு 60-ல் பாதுகாக்கப்பட்ட வகையைச் சேர்ந்த இந்தத் தொகையை என் கணக்கில் உடனே திரும்ப வரவு வைக்கவும். 30 நாளில் பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன். இந்த மனு எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகவோ புதுப்பிப்பதாகவோ ஆகாது.*

*இப்படிக்கு, ........*

இதை நகல் எடுத்து ஊரில் எல்லோருக்கும் கொடுங்கள். ஒருவர் தனியாகக் கொடுத்தால் டிராயரில் போடுவார்கள். ஐம்பது பேர் ஒரே நாளில் வரிசையில் நின்று கொடுத்தால் மண்டல அலுவலகத்துக்குப் போன் போகும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஒரு சாட்சி

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதன்முதலாகக் கணக்கில் ஏறியபோது, பல இடத்தில் பேங்குகள் அதைப் பழைய கடனுக்கும் சேவைக் கட்டணத்துக்கும் பிடித்துக்கொண்டன. பெண்கள் சும்மா இருக்கவில்லை, தெருவுக்குத் தெரு கேட்டார்கள். உடனே மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அந்தப் பணத்தை வேறு எந்தப் பாக்கிக்கும் நேர் செய்யக் கூடாது என்று பேங்குகளை எச்சரித்து அறிக்கை விட்டார்.

ஆக, அரசு நினைத்தால் பேங்குக்குச் சொல்ல முடிகிறது. அந்த ஆயிரம் ரூபாய்க்குச் சொல்ல முடிந்தது என்றால், வெயிலில் மண் வெட்டிய கூலிக்கு ஏன் சொல்ல முடியாது? எழுபது வயதுக் கிழவியின் பென்ஷனுக்கு ஏன் சொல்ல முடியாது?

பேங்குக்கு நஷ்டம் வருமே என்பார்கள். 2022 டிசம்பரில் மத்திய நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதில் இருக்கிறது: ஐந்து நிதியாண்டுகளில் பேங்குகள் கணக்கில் இருந்து நீக்கிய வராக்கடன் 10 லட்சத்து 9 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். நீக்கினாலும் வசூலைத் தொடர்வோம் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். நல்லது, தொடருங்கள்! பெரிய கம்பெனிக்குக் கணக்கில் இருந்து நீக்கிவிட்டு நிதானமாக வசூல். நம்மைப் போன்றவருக்குக் கூலி ஏறிய அன்றே வசூல். இதுதான் நாம் கேட்கும் வித்தியாசம்.

2021-ல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். வரவேற்றோம். ஆனால் அதே ஊரில், அதே வெள்ளத்தில் மூழ்கிய பக்கத்து வயல்காரர் தேசிய வங்கியில் கடன் வாங்கியிருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. இப்போது அவர் கணக்கில்தான் ஹோல்டு.

நம் கோரிக்கைகள்

1. கூலி, முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி பென்ஷன், பேரிடர் நிவாரணம், பயிர் இன்சூரன்ஸ் தொகை எதையும் எந்தக் கடனுக்கும் நேர் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லா பேங்குக்கும் தெளிவான உத்தரவு போட வேண்டும். பிரிவு 60 கோர்ட்டைக் கட்டுவது போல பேங்கையும் கட்ட வேண்டும்.

2. வேறு எந்தப் பணத்தைப் பிடிப்பதாக இருந்தாலும், முன்கூட்டியே தமிழில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும்.

3. அடுத்த அறுவடை வரைக்கும் சாகுபடிக்கும் குடும்பம் பிழைப்பதற்கும் தேவையான விளைச்சல் பங்கை ஜப்தியில் இருந்து விலக்கி அறிவிக்க, அதே சட்டத்தின் 61-வது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நெல், கரும்பு, பருத்தி, நிலக்கடலை என்று எல்லாப் பயிருக்கும், எல்லாச் சிறு, குறு விவசாயிக்கும், அது பணமாகிக் கணக்கில் ஏறிய பிறகும் செல்லும்படி தமிழக அரசு தெளிவான அரசாணை போட வேண்டும்.

4. கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் முன்னோடி வங்கி மேலாளர் கட்டாயம் உட்கார வேண்டும். பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த விவரத்தை மாதாமாதம் அறிவிக்க வேண்டும்.

5. சம்பளப் பற்றுகையில் தொடக் கூடாத முதல் தொகை ஆயிரம் ரூபாய் என்பது இன்றைய விலைவாசியில் கேலிக்கூத்து. அதை உயர்த்தி நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டும்.

விவசாயப் பெருமக்களே!

சட்டத்தில் நமக்கு ஆதரவாக எழுதியிருக்கிறது. ஆனால் சட்டம் தானாக எழுந்து வந்து பேங்க் வாசலில் நிற்காது. நாம்தான் நிற்க வேண்டும். கணக்கு முடக்கப்பட்டவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார வேண்டாம். கடன் பட்டது குற்றம் அல்ல. வறுமையால் கட்ட முடியாதவனை அதற்காக மட்டும் ஜெயிலில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே தைரியமாக வெளியே வாருங்கள்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் இந்த மாதமே ஊர்க்கூட்டம் போடுங்கள். யார் யார் கணக்கில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பட்டியல் எடுங்கள். மாதிரி மனுவைப் பூர்த்தி செய்து, எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் பேங்குக்குப் போங்கள். பாஸ்புக்கையும் வேலை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மேனேஜரிடம் மரியாதையாகப் பேசுங்கள், அவரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் எழுத்தில் பதில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

எழுத்துத் தெரிந்தவர்கள் இதைத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். டீக்கடையில் ஒன்று, ரேஷன் கடை வாசலில் ஒன்று ஒட்டி வையுங்கள்.

கூலியில் கை வைக்காதே!
பென்ஷனில் கை வைக்காதே!
பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடு!
ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!